ஆய்வுக்கட்டுரையில் யார் பெயர், எத்தனையாவது இடத்தில்: எந்த முறை நியாயம்?

சிங்கப்பூரில் ஆராய்ச்சி வேலையில் இருப்பவர்களுக்கு ஒரு பேப்பரில் பெயர் வருவது பெருமைக்காக மட்டும் இல்லை. ஆர்.ஏ. (ஆராய்ச்சி உதவியாளர்) வேலை என்றால் பெரும்பாலும் ஓராண்டு, ஈராண்டு ஒப்பந்தம்தான். அடுத்த ஒப்பந்தம், பிஎச்டி இடம், உதவித்தொகை, வெளிநாட்டிலிருந்து வந்தவர் என்றால் இங்கே தொடர்ந்து இருக்க முடியுமா என்பதுகூட, எத்தனை பேப்பர், அதில் பெயர் எங்கே இருக்கிறது என்பதைப் பார்த்துத்தான் பல நேரம் முடிவாகிறது. கென்ட் ரிட்ஜ், ஜூரோங், ஒன் நார்த் பக்கம் வேலை பார்க்கும் தம்பி தங்கைகள் என்னிடம் அடிக்கடி கேட்பது இதைத்தான்: "எங்க குழுவுல பெயர் வரிசையை எப்படி முடிவு பண்றது? எது நியாயம்?"

நான் சுகாதார ஆய்வுக் குழுக்களில் தரவு அலசும் வேலை பார்க்கிறேன். ஒரே குழுவில் மருத்துவர், புள்ளியியல் படித்தவர், தாதி, நேர்காணல் எடுப்பவர், பொருளியல் படித்தவர் என்று கலந்து இருப்பார்கள். ஒவ்வொருவரும் தங்கள் துறை வழக்கமே உலக வழக்கம் என்ற நினைப்போடு வருவார்கள். அதனால் எல்லா முறைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க எனக்கு வாய்த்திருக்கிறது. நான் அவற்றை ஒரே கேள்வியால் அளக்கிறேன். குழுவிலேயே அதிகாரம் குறைந்தவர், மார்ச் மாதம் ஒப்பந்தம் முடியப்போகும் ஆர்.ஏ.யோ முதலாண்டு மாணவியோ, தனக்கு உரிய இடத்தை வாய்திறந்து கேட்டால்தான் கிடைக்குமா? கேட்காமலே கிடைக்க வழிசெய்யும் முறை நல்ல முறை. கேட்டுத்தான் வாங்க வேண்டும் என்றால், எவ்வளவு அழகாக விதி எழுதி வைத்திருந்தாலும் அது பலம் உள்ளவருக்குத்தான் சாதகம்.

பெயர் வரிசைச் சண்டை என்று சொல்லும்போது இரண்டு கேள்விகளைப் போட்டுக் குழப்பிக்கொள்கிறோம். ஒன்று, யார் பெயர் உள்ளே வர வேண்டும். இன்னொன்று, உள்ளே வந்தவர்கள் எந்த வரிசையில் நிற்க வேண்டும். சத்தமெல்லாம் இரண்டாவதுக்குத்தான். பெரிய அநியாயம் நடப்பது முதலாவதில். அங்கே பாதிக்கப்பட்டவர் பெரும்பாலும் அறையிலேயே இருக்க மாட்டார்.

யார் பெயர் உள்ளே?

மருத்துவ, சுகாதாரத் துறைகளில் இதற்கு எழுதப்பட்ட விதி இருக்கிறது. ஐசிஎம்ஜேஇ என்று சுருக்கமாகச் சொல்லப்படும் மருத்துவ ஆய்விதழ் ஆசிரியர்களின் சர்வதேசக் குழு 1978ல் வான்கூவரில் கூடியதில் தொடங்கிய விதிமுறைகள் அவை. இன்றைய வடிவத்தில் நான்கு நிபந்தனைகள். நான்கும் பொருந்தினால்தான் ஒருவர் கட்டுரையின் ஆசிரியர். யோசனை, வடிவமைப்பு, தரவு சேகரிப்பு, அலசல், விளக்கம் இவற்றில் ஏதாவது ஒன்றில் குறிப்பிடத்தக்க பங்கு இருக்க வேண்டும். கட்டுரையை எழுதியிருக்க வேண்டும், அல்லது உள்ளடக்கத்தைக் கூர்ந்து படித்துத் திருத்தியிருக்க வேண்டும். வெளியாகப்போகும் வடிவத்துக்கு ஒப்புதல் தர வேண்டும். நான்காவது 2013ல் சேர்ந்தது: கட்டுரையின் எந்தப் பகுதியைப் பற்றிக் கேள்வி வந்தாலும் அதை விசாரித்துத் தீர்க்கும் பொறுப்பை ஏற்க வேண்டும். பணம் வாங்கித் தந்தது மட்டும் போதாது. பொதுவாக மேற்பார்வை பார்த்தது மட்டும் போதாது. அவர்களுக்கு நன்றியுரையில் இடம் உண்டு.

படிக்க நன்றாகத்தான் இருக்கிறது. நடைமுறையில் எப்படி ஓடுகிறது என்பதற்கு எனக்கு நெருக்கமாகத் தெரிந்த ஓர் ஆய்வைச் சொல்கிறேன். நீரிழிவு உள்ள முதிய இந்தியர்கள் மாத்திரையை ஒழுங்காகப் போடுகிறார்களா என்று வீடு வீடாகப் போய்க் கேட்கும் ஆய்வு. தமிழில் கேட்பதற்கு ஓர் அக்காவை ஒப்பந்தத்தில் எடுத்திருந்தார்கள். சில வாரங்களிலேயே அவர் ஒன்றைக் கவனித்துவிட்டார். ஹாலில் மகனோ மருமகளோ உட்கார்ந்திருந்தால், "ஒரு வேளைகூட விட்டதில்ல" என்பார் பாட்டி. அக்கா கிளம்பும்போது லிஃப்ட் வரைக்கும் கூடவே வந்து, "ராத்திரி மாத்திரை சில நாள் போடறதில்லம்மா, பிள்ளைகிட்ட சொல்லிடாத" என்பார். படிவத்தில் ஏறியிருப்பதோ முதல் பதில். அக்கா இதைக் குழுக் கூட்டத்தில் சொன்னார். வீட்டில் மற்றவர்கள் இல்லாத காலை நேரத்துக்கு நேர்காணலை மாற்றலாம், இல்லாவிட்டால் புளோக்குக்குக் கீழே வாய்டு டெக்கில் இருக்கும் கல் மேசையில் உட்கார்ந்து கேட்கலாம் என்றார். ஆய்வு நெறிக் குழுவின் அனுமதி வாங்கி அப்படியே மாற்றினார்கள். அதுவரை எடுத்த நேர்காணல்களில் பலவற்றைத் திரும்பவும் எடுத்தார்கள். அந்த ஆய்வின் முடிவை நம்பலாம் என்றால் அதற்கு அந்த மாற்றம்தான் காரணம்.

கட்டுரை வந்தது. செய்முறைப் பகுதியில் ஒரே ஒரு வாக்கியம்: நேர்காணல்கள் தனிமையில் நடத்தப்பட்டன. நன்றியுரையில் இன்னொன்று: நேர்காணல் நடத்தியவர்களுக்கு நன்றி. அக்காவின் பெயர்கூட இல்லை.

"விதிப்படி சரிதானே, அவங்க கட்டுரை எழுதலையே" என்றார் குழுவில் ஒருவர். சரி, விதியையே எடுத்துப் பார்ப்போம். முதல் நிபந்தனையில் தரவு சேகரிப்பும் இருக்கிறது, வடிவமைப்பும் இருக்கிறது. அக்கா இரண்டையும் செய்திருக்கிறார். வரைவை அவருக்கு யாருமே அனுப்பவில்லை, அதனால்தான் அவர் திருத்தவில்லை. ஐசிஎம்ஜேஇ விதிமுறை இதை முன்கூட்டியே யோசித்து வைத்திருக்கிறது: முதல் நிபந்தனைக்குப் பொருந்துகிறவருக்கு வரைவைப் படிக்கவும் திருத்தவும் ஒப்புதல் தரவும் வாய்ப்புக் கொடுக்க வேண்டும், அந்த வாய்ப்பை மறுத்துவிட்டு, நிபந்தனை பொருந்தவில்லை என்று ஒருவரை விலக்கக் கூடாது. விதிமுறையை மேற்கோள் காட்டுகிற பலர் இந்தப் பகுதிவரை படிப்பதே இல்லை.

இன்னொரு வாதமும் வரும்: "சம்பளம் வாங்கிட்டாங்கல்ல?" எனக்கு இதைக் கேட்டாலே கோபம் வரும். பேராசிரியரும்தான் சம்பளம் வாங்குகிறார், நானும்தான் வாங்குகிறேன். சம்பளம் வேலைக்கு, பெயர் அறிவுப் பங்களிப்புக்கு. ஒன்றைக் கொடுத்தாயிற்று என்பதால் இன்னொன்று கழிந்துபோகாது. 2022ல் நேச்சர் இதழில் வெளியான ஓர் ஆய்வு, ஆய்வுக் குழுக்களில் வேலை செய்த பெண்களுக்கு அந்தக் குழுவின் கட்டுரையில் பெயர் கிடைக்கும் வாய்ப்பு ஆண்களைவிடச் சுமார் 13 விழுக்காடு குறைவு என்றது. காப்புரிமையில் இந்த இடைவெளி 58 விழுக்காடு. அந்த அக்கா ஒருவருடைய கதையாக மட்டும் இருந்திருந்தால் இதை நான் இங்கே எழுதிக்கொண்டிருக்க மாட்டேன்.

விடுபடுவது ஒரு பக்கம், வேலையே செய்யாதவர் உள்ளே வருவது மறுபக்கம். "புரோஃப் பேரு போடலன்னா மரியாதையா இருக்காது" என்று ஒரு பெயர், கருவியைப் பயன்படுத்த விட்டதற்கு ஒரு பெயர், துறைத் தலைவர் என்பதற்கு ஒரு பெயர். யாருக்கும் நஷ்டம் இல்லையே என்று தோன்றும். நஷ்டம் இளையவருக்குத்தான். 1948ல் ரால்ஃப் ஆல்ஃபர் என்ற பிஎச்டி மாணவரும் அவருடைய வழிகாட்டி ஜார்ஜ் காமோவும் பேரண்டத்தின் தொடக்கத்தில் தனிமங்கள் எப்படி உருவாகின என்று ஒரு கட்டுரை எழுதினார்கள். ஆல்ஃபர், பெத்தே, காமோ என்று கிரேக்க எழுத்துகள் ஆல்ஃபா, பீட்டா, காமா போல ஒலிக்கட்டுமே என்று, ஆய்வில் பங்கே இல்லாத ஹான்ஸ் பெத்தேயின் பெயரைக் காமோ சேர்த்துவிட்டார். உலகம் இன்றும் அதை ரசித்துச் சொல்கிறது. ஆல்ஃபருக்கு அப்போதே கவலை: இரண்டு பெரிய பெயர்களுக்கு நடுவில் தன் பங்கு மறைந்துபோகும் என்று. அந்தக் கவலை நியாயமானது. படிப்பவர்கள் யோசனையைத் தெரிந்த பெயரின் கணக்கில்தான் எழுதுவார்கள்.

இரண்டு குறைகளையும் ஒரே வரியில் பிடித்த ஆவணம் ஒன்று நம் ஊர்ப் பெயரிலேயே இருக்கிறது. 2010 ஜூலையில் ஆய்வு நேர்மைக்கான இரண்டாவது உலக மாநாடு இங்கே நடந்தது. அதிலிருந்து பிறந்ததுதான் ஆய்வு நேர்மைக்கான சிங்கப்பூர் அறிக்கை. 4 கொள்கைகள், 14 பொறுப்புகள். ஆசிரியர் பட்டியலில் தகுதி உள்ள எல்லோரும் இருக்க வேண்டும், தகுதி உள்ளவர்கள் மட்டுமே இருக்க வேண்டும் என்பது அவற்றில் ஒன்று. "எல்லோரும்", "மட்டுமே" இரண்டும் சேர்ந்தே வருகின்றன. நம் குழுக்களில் "மட்டுமே" என்பது ஆர்.ஏ.க்களிடம் கறாராகவும் மேலே இருப்பவர்களிடம் தாராளமாகவும் பாய்கிறது.

ஆக, உள்ளே யார் என்ற கேள்விக்கு என் தேர்வு ஐசிஎம்ஜேஇ நிபந்தனைகள்தான், உங்கள் துறை மருத்துவமாக இல்லாவிட்டாலும் சரி. ஒன்றே ஒன்று: முதல் நிபந்தனைக்குப் பொருந்துகிறவர்களின் பட்டியலை எடுத்து, அத்தனை பேருக்கும் வரைவு போனதா என்று பார்த்த பிறகுதான் மற்ற நிபந்தனைகளைப் பற்றிப் பேச வேண்டும்.

அகரவரிசை

வரிசை விஷயத்தில் மிகச் சுலபமான முறை குடும்பப் பெயரின் ஆங்கில எழுத்து வரிசை. கணிதம், பொருளியல், கணினியியலின் கோட்பாட்டுப் பகுதி ஆகியவற்றில் இதுதான் வழக்கம். கும்பகோணத்து ராமானுஜனும் கேம்பிரிட்ஜ் கணிதவியலாளர் ஹார்டியும் சேர்ந்து 1918ல் வெளியிட்ட பிரிவினை எண்கள் பற்றிய புகழ்பெற்ற கட்டுரையில் ஹார்டி முன்னால், ராமானுஜன் பின்னால். அதை வைத்து யாரும் ராமானுஜன் உதவியாளர் என்று நினைப்பதில்லை. ஹார்டியும் அவரோடு நெடுநாள் சேர்ந்து எழுதிய லிட்டில்வுட்டும் தங்களுக்குள் வைத்திருந்த விதிகளில் ஒன்று, பொதுப் பெயரில் வரும் கட்டுரையில் ஒருவர் எதுவுமே செய்யாமல் இருந்தாலும் பரவாயில்லை என்பது. சமமான இருவர், ஆயுள் முழுக்கச் சேர்ந்து வேலை செய்கிறவர்கள் என்றால் இதைவிட நிம்மதியான ஏற்பாடு கிடையாது. என் அளவுகோலிலும் இது நன்றாகத் தேறுகிறது: யாரும் யாரிடமும் எதுவும் கேட்க வேண்டியதில்லை.

ஆனால் எழுத்தே ஒரு பலமாகிவிடுகிறது. ஐனாவ், யாரிவ் என்ற இரு பொருளியலாளர்கள் 2006ல் அமெரிக்காவின் முன்னணிப் பொருளியல் துறைகளை எடுத்துப் பார்த்தார்கள். குடும்பப் பெயர் அகரவரிசையில் முன்னால் வருகிறவர்களுக்கு உயர்ந்த துறைகளில் நிரந்தரப் பணி கிடைக்கும் வாய்ப்பு அதிகமாக இருந்தது. அகரவரிசை வழக்கம் இல்லாத உளவியல் துறையில் அப்படி எதுவும் தெரியவில்லை. கூட்டாக எழுதும்போது பெண்களுக்குப் பலன் குறைகிறது என்று பொருளியலில் ஹீதர் சார்சன்ஸ் குழுவினரும் காட்டியிருக்கிறார்கள். வரிசை எதையும் சொல்லாதபோது, படிப்பவர் தன் மனத்தில் இருக்கும் அனுமானத்தால் இடத்தை நிரப்பிக்கொள்கிறார்.

நம் பெயர்களை இந்த முறைக்குள் வைத்தால் கூடுதல் சிக்கல். நமக்குக் குடும்பப் பெயரே கிடையாது. சொந்தப் பெயர் விக்னேஷ், அப்பா பெயர் அருணாசலம் என்று வைத்துக்கொள்ளுங்கள். இங்கே பிறந்தவர் என்றால் பல நேரம் அடையாள அட்டையில் இரண்டுக்கும் நடுவே எஸ்/ஓ (இன்னாரின் மகன்). இதழின் படிவம் கடைசிச் சொல்லைக் குடும்பப் பெயராக எடுத்துக்கொண்டால் அவர் ஏ-யில் முதலில் நிற்பார். விக்னேஷ் என்பதை எடுத்துக்கொண்டால் வி-யில் கடைசிக்குப் போவார். ஒரே ஆளுக்கு ஒரு பேப்பரில் ஒரு இடம், அடுத்த பேப்பரில் வேறு இடம், தரவுத்தளத்தில் இரண்டு வெவ்வேறு மனிதர்கள். அகரவரிசையோ வேறு எதுவோ, தமிழ்ப் பிள்ளைகள் முதல் பேப்பருக்கு முன்பே பெயரை எப்படி எழுதப்போகிறோம் என்று முடிவுசெய்து, ஆய்வாளர் ஒவ்வொருவரையும் தனியாக அடையாளம் காட்டும் ஆர்கிட் எண் ஒன்றையும் வாங்கிவிடுவது நல்லது. இலவசம்தான்.

அகரவரிசையை எல்லோரும் அகரவரிசை என்று தெரிந்து படிக்கும் துறையில் மட்டும் வைத்துக்கொள்ளலாம். உயிரியல், மருத்துவக் கட்டுரையில் அப்படிப் போட்டால், முதலில் வந்தவர்தான் முழு வேலையும் செய்தார் என்று தேர்வுக் குழுவில் இருப்பவர் நினைத்துக்கொள்வார்.

பங்கின்படி வரிசை

அதிகம் உழைத்தவர் முதலில், ஆய்வகத் தலைவர் கடைசியில், மற்றவர்கள் நடுவில். உயிரியல், மருத்துவத் துறைகளில் எழுதாத சட்டம் இது. இளையவருக்கு உள்ள பெரிய நன்மை, ஒரு பிஎச்டி மாணவியின் பெயர் பேராசிரியரின் பெயருக்கு முன்னால் நிற்க இது இடம் தருகிறது. பல இடங்களில் முதல் பெயரில் பேப்பர் இருப்பதைத்தான் பார்க்கிறார்கள் என்பதால் அது சின்ன விஷயம் இல்லை.

குறை, யார் அதிகம் உழைத்தார் என்று தீர்மானிப்பவர் கடைசிப் பெயர்காரர் என்பதுதான். அவர் நல்லவராக இருந்தால் எல்லாம் நல்லபடி நடக்கும். அது முறையின் நியாயம் இல்லை, அவருடைய குணம். இரண்டு ஆண்டு மாதிரிகளைப் பதப்படுத்தியவர் ஒப்பந்தம் முடிந்து போய்விடுவார். மூன்றாம் ஆண்டில் வந்து வரைவை எழுதியவர் முதல் இடத்தைப் பிடிப்பார். நடுவில் ஏழாவதாக நிற்பவர் ஒரே ஒரு படம் வரைந்தவரா, முழுப் புள்ளியியலையும் செய்தவரா என்று யாராலும் சொல்ல முடியாது.

பட்டியலில் இடம் கிடைப்பதோடு எல்லாம் முடிந்துவிடுவதும் இல்லை. 1967ல் வானொலித் தொலைநோக்கியின் பதிவுத் தாளில், பல்சார் என்று பின்னர் பெயர்பெற்ற விண்மீனின் விசித்திரத் துடிப்பை முதலில் கண்டுபிடித்தவர் ஜோசலின் பெல் என்ற மாணவி. 1968ல் வந்த கட்டுரையில் ஐந்து பெயர்கள். வழிகாட்டி ஹியூவிஷ் முதலில், பெல் இரண்டாவது. 1974ல் இயற்பியல் நோபல் பரிசு ஹியூவிஷுக்கும் மார்ட்டின் ரைலுக்கும் போனது. பெல் இதைக் குறையாகப் பேசவில்லை, அது அவருடைய பெருந்தன்மை. அந்த வரிசை யார் எதைக் கண்டார் என்பதைச் சொல்லவில்லை என்பது மாறாது.

சமபங்கு என்ற நட்சத்திரக் குறியை இதன் கிளை என்று சொல்லலாம். "முதல் இருவரும் சமமாகப் பங்களித்தனர்" என்று அடியில் ஒரு வரி. உண்மையிலேயே இருவர் தோளோடு தோள் நின்று செய்திருந்தால் போடுங்கள். சமாதானத்துக்காகப் போடாதீர்கள். மேற்கோள் காட்டும்போது முதல் பெயர்தான் வரும், மற்றவர் "உள்ளிட்டோர்" ஆகிவிடுவார். சண்டை தள்ளிப்போகுமே தவிரத் தீராது. யார் முன்னால் என்பதற்குச் சீட்டுக் குலுக்கலாம். தேப்ராஜ் ரே, ஆர்தர் ராப்சன் இருவரும் 2018ல் பொருளியலுக்கு இதையே முன்வைத்தார்கள்: பெயர்களைக் குலுக்கிப் போட்டு, குலுக்கியது என்று காட்ட வட்டத்துக்குள் ஆர் என்ற குறியை நடுவில் இடுவது. சமமானவர்களுக்கு நடுவே இது அகரவரிசையைவிட நியாயம். சமம் இல்லாதவர்களுக்கு உதவாது.

மதிப்பெண் போடுவது

எண்கள் பிடித்தவர்கள் கேட்பது இதைத்தான். ஹார்வர்டில் இருந்த உளவியலாளர் ஸ்டீவன் காஸ்லின் தன் ஆய்வகத்துக்கு வகுத்த முறை பிரபலம். மொத்தம் 1000 மதிப்பெண்: யோசனைக்கு 250, எழுதுவதற்கு 250, தரவு அலசலுக்கு 200, வடிவமைப்பு, அதைச் செயல்படுத்துதல், பரிசோதனை நடத்துதல் மூன்றுக்கும் தலா 100. 100 எடுத்தால் பெயர் உள்ளே. அதற்கு மேல் மதிப்பெண்படி வரிசை.

வெளிப்படையாக இருக்கிறது, பாராட்டலாம். அந்த நீரிழிவு ஆய்வை இதில் போட்டுப் பாருங்கள். நேர்காணல் எடுத்தவர்கள் நான்கு பேர் என்றால், நடத்துவதற்கான 100ஐப் பங்கு போட்டால் ஆளுக்கு 25. மாதக்கணக்கில் மாடி ஏறி இறங்கிய நால்வரில் ஒருவர்கூட உள்ளே வர முடியாது. குளிரூட்டிய அறையில் உட்கார்ந்து முன்னுரையை எழுதியவர் தாராளமாக வந்துவிடுவார். ஒரு உளவியல் ஆய்வகத்துக்குப் பொருந்திய எடை, வீடு வீடாகப் போகும் ஆய்வுக்குப் பொருந்தாது. எழுத்துக்குக் கால் பங்கு என்பது இன்னொன்றையும் செய்கிறது: ஆங்கிலத்தில் சரளமாக எழுதுகிறவர் பக்கம் தராசு சாய்கிறது. தமிழ்நாட்டிலிருந்து தமிழ்வழியில் படித்து வந்த கெட்டிக்காரப் பையன்கள் சிலரை நான் பார்த்திருக்கிறேன். யோசனை அவர்களுடையது, வரைவு வேறொருவர் கையில், மதிப்பெண்ணும் அங்கேயே.

இருந்தாலும் ஒரு பயன் உண்டு. ஆளுக்கொரு தாளில் எல்லோருக்கும் மதிப்பெண் போட்டுவிட்டு ஒன்றாக விரித்துப் பார்த்தால், யாருடைய வேலை யார் கண்ணுக்குத் தெரியவே இல்லை என்பது அங்கேயே வெளிச்சமாகிவிடும். அதற்கு மட்டும் பயன்படுத்துங்கள். எடைகளை உங்கள் ஆய்வுக்குத் தக்கபடி முதலிலேயே மாற்றிக்கொள்ளுங்கள்.

பங்களிப்பைப் பெயர் சொல்லி எழுதுவது

1997லேயே மருத்துவ இதழாசிரியர் டிரம்மண்ட் ரென்னியும் வேறு இருவரும் ஒரு மருத்துவ இதழில் எழுதினார்கள்: ஆசிரியர் என்ற பட்டத்தை விட்டுவிட்டு, யார் என்ன செய்தார்கள் என்று எழுதுவோம், மொத்தத்துக்கும் ஒருவர் உத்தரவாதம் தரட்டும் என்று. அந்த எண்ணத்தின் இன்றைய வடிவம் 'கிரெடிட்' என்ற பட்டியல். 14 பங்குகள்: கருத்துருவாக்கம், செய்முறை, மென்பொருள், சரிபார்ப்பு, அலசல், ஆய்வு நடத்துதல், தரவுப் பராமரிப்பு, முதல் வரைவு, திருத்தம், மேற்பார்வை, நிதி பெறுதல் என்று போகும். ஒவ்வொன்றிலும் முன்னின்றவர், சமமாகச் செய்தவர், துணை நின்றவர் என்றும் குறிக்கலாம். 2022ல் இது அமெரிக்காவில் முறையான தரநிலை ஆனது. பெரிய பதிப்பகங்கள் பலவும் கட்டுரையோடு இதைக் கேட்கின்றன.

ஏழாவது இடத்தில் நிற்பவர் என்ன செய்தார் என்பது முதன்முறையாக இதில்தான் தெரிகிறது. கட்டுரை பெரிதாகப் பெரிதாக இது இன்னும் தேவைப்படுகிறது. ஹிக்ஸ் துகளின் நிறை பற்றி 2015ல் வந்த கட்டுரையில் 5,154 ஆசிரியர்கள், 33 பக்கத்தில் 24 பக்கம் பெயரும் நிறுவனமும்தான். அங்கே வரிசையிலிருந்து எதைத் தெரிந்துகொள்வது?

ஆனாலும் இந்தப் பட்டியல் யார் ஆசிரியர் என்று தீர்மானிப்பதற்கு உருவானது இல்லை. உள்ளே வந்தவர்களின் பங்கை விவரிப்பதுதான் அதன் வேலை. நான் பார்த்தவரை இன்னொரு கோளாறும் உண்டு: சமர்ப்பிக்கும் இரவில், தொடர்பு ஆசிரியர் (இதழோடு கடிதப் போக்குவரத்தைப் பார்ப்பவர்) தனியாக உட்கார்ந்து, ஞாபகத்திலிருந்து பத்து நிமிடத்தில் நிரப்பிவிடுகிறார். கருத்துருவாக்கத்தில் தன் பெயர், மற்றவர்களுக்குக் கிடைத்த கட்டத்தில் ஒரு டிக். அப்படி நிரப்பினால் பழைய அநியாயத்துக்குப் புதிய படிவம், அவ்வளவுதான். நான்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் பிஎச்டி ஆய்வேடுகளில் பங்களிப்பு அறிக்கை என்று ஒரு பக்கம் இருக்கும். எந்த அத்தியாயம் எந்தக் கட்டுரையில் வந்தது, அதில் யார் யார் என்ன செய்தார்கள் என்று மாணவர் அதில் எழுத வேண்டும். நல்ல ஏற்பாடு. ஆய்வேடு முடியும்போது எழுதுவதை ஆய்வு தொடங்கும்போதே எழுத ஆரம்பித்தால் இன்னும் நல்லது.

எனவே நான் எதைத் தேர்ந்தெடுப்பேன்

முறைகளுக்கு நடுவே உள்ள வேறுபாட்டைவிட, எப்போது பேசுகிறோம் என்பது பெரிய வேறுபாடு. கட்டுரை முடிந்த பிறகு பேசினால் எந்த முறையும் பேரம்தான், பேரத்தில் ஒப்பந்தம் முடியப்போகிறவர் தோற்பார். முதல் கூட்டத்திலேயே பேசிவிட்டால் சுமாரான முறைகூட ஓரளவு நியாயமாக ஓடும்.

நம்மவர்கள் குழுவில் இதற்குத் தனித் தடை ஒன்று உண்டு. மூத்தவர் தமிழர் என்றால் சீக்கிரமே அண்ணா, அக்கா ஆகிவிடுவார். தேக்காவில் சேர்ந்து சாப்பிடுவோம், தீபாவளிக்கு அவர் வீட்டுக்குப் போவோம். அப்புறம் "அண்ணா, இந்தப் பேப்பர்ல என் பேரு எத்தனாவது?" என்று கேட்பது, அப்பா உயிரோடு இருக்கும்போதே சொத்தைப் பிரிக்கச் சொல்வதுபோல் ஆகிவிடும். "நமக்குள்ள என்னப்பா" என்பார் அவர், அன்போடுதான் சொல்வார். அந்த அன்பு கேள்வியை மூடிவிடும். ஆகவே பேச்சைத் தொடங்கும் கடமை மூத்தவருக்குத்தான். தம்பி தங்கையைக் கேட்க வைக்காதீர்கள். "யார் பேரு வரும், எந்த வரிசைன்னு இன்னிக்கே பேசி மின்னஞ்சல்ல போட்டுடுவோம், முதல்ல நீ சொல்லு" என்று இளையவரிடமிருந்து தொடங்குங்கள். மூத்தவர் முதலில் சொல்லிவிட்டால் அதன் பிறகு யாரும் வேறு சொல்ல மாட்டார்கள்.

சிறிய ஆய்வகம், சுகாதாரக் கணக்கெடுப்பு, பலதுறைக் குழு என்றால் என் தேர்வு இது: உள்ளே வர ஐசிஎம்ஜேஇ நிபந்தனைகள், வரிசை பங்கின்படி, எல்லோரும் பார்க்கும் ஒரு பொதுக் கோப்பில் கிரெடிட் பங்குகள் முதல் நாளிலிருந்து. மூன்று தருணங்களில் அந்தக் கோப்பைத் திறந்து மறுபடி பேசுங்கள்: தரவு சேகரிப்பு முடியும்போது, ஒருவர் குழுவை விட்டுப் போகும்போது, ஆய்வுக் கேள்வியே மாறும்போது. முதலில் ஒத்துக்கொண்ட வரிசை மாறலாம், தவறில்லை. ஏன் மாறியது என்று ஒரு வரி எழுதியிருந்தால் போதும். கணிதம், பொருளியல் கோட்பாடு என்றால் அகரவரிசையே இருக்கட்டும். பாலிடெக்னிக் இறுதியாண்டுத் திட்டத்திலிருந்து வரும் கட்டுரை என்றால் மாணவர்களின் பெயர் இருக்கிறதா என்பதை மட்டும் இரண்டு தடவை பாருங்கள். வரிசைக்கு அங்கே அவ்வளவு சண்டை வராது.

முன்பே பேசினால் பெயர் உறுதி என்று சோம்பல் வந்துவிடும் என்று சிலர் சொல்கிறார்கள். மறுபடி பேசும் அந்த மூன்று தருணங்களும் அதற்குத்தான்.

ஏற்கெனவே தகராறில் இருப்பவர்களுக்கு: இதழ் வந்து தீர்ப்புச் சொல்லும் என்று காத்திருக்க வேண்டாம். யார் ஆசிரியர் என்ற சண்டையில் இதழ்கள் நடுவராக உட்காருவதில்லை. கட்டுரையை நிறுத்திவைத்து, உங்கள் நிறுவனமே விசாரிக்கட்டும் என்று திருப்பி அனுப்பும். சமர்ப்பித்த பிறகு ஒரு பெயரைச் சேர்க்கவோ எடுக்கவோ எல்லா ஆசிரியர்களின் ஒப்புதலையும் கேட்பார்கள். அதனால் கையில் இருப்பதை முதலில் சேர்த்து வையுங்கள்: தேதியோடு மின்னஞ்சல்கள், ஆய்வகக் குறிப்பேடு, வரைவின் பழைய வடிவங்கள். பிறகு ஆய்வகத் தலைவரிடம் நேரில். அங்கே நடக்கவில்லை என்றால் பல்கலைக்கழகத்தின் ஆய்வு நேர்மை அலுவலகம் இருக்கிறது. அங்கே போவது துரோகம் இல்லை.

குழுவை விட்டுப் போகிறவருக்கு அலுவலக மின்னஞ்சல் சீக்கிரமே மூடப்பட்டுவிடும். கட்டுரையோ ஓராண்டு கழித்து வரும். இறுதி வடிவத்துக்கு ஒப்புதல் கேட்க ஆள் கிடைக்கவில்லை என்று சொல்லிப் பெயரை எடுத்துவிட்ட குழுக்கள் உண்டு. கடைசி நாளன்று அட்டையையும் சாவியையும் திரும்ப வாங்கும்போதே அவருடைய சொந்த மின்னஞ்சலையும் கைப்பேசி எண்ணையும் ஆர்கிட் எண்ணையும் வாங்கி அந்தப் பொதுக் கோப்பில் அவர் பெயருக்கு எதிரே எழுதிவிடுங்கள். போகிறவர் நீங்கள் என்றால், அவர்கள் கேட்கும்வரை நிற்காமல் நீங்களே எழுதிவிட்டு, கோப்பின் பிரதி ஒன்றை உங்களுக்கு அனுப்பித் தரச் சொல்லுங்கள்.